ரஸ்ட் மொழியும் ‘அச்சமற்ற ஒருங்கியக்கமும்’: ஒரு மதிப்பீடு

ரஸ்ட் என்பது கணினியின் நினைவகத்தை நேரடியாகக் கையாளக்கூடிய, விரைவாக இயங்கும் ஒரு நிரலாக்க மொழி ஆகும். மொசில்லா நிறுவனத்தில் பணியாற்றிய கிரேடன் ஹோர் 2006-இல் தம் சொந்த முயற்சியாக இதைத் தொடங்கினார். 2009 முதல் மொசில்லா இதற்கு ஆதரவளித்தது. நிலையான முதல் பதிப்பான 1.0, 2015 மே 15 அன்று வெளியானது. சி, சி++ மொழிகளின் வேகத்தை இழக்காமல் அவற்றில் அடிக்கடி நேரும் நினைவகப் பிழைகளைத் தடுப்பது இம்மொழியின் முதல் நோக்கம். ஒரே நேரத்தில் பல வேலைகளைச் செய்யும் நிரல்களைப் பயமின்றி எழுத வைப்பது இரண்டாவது நோக்கம். இந்த இரண்டாவது நோக்கத்தைச் சொல்வதற்குத்தான் ‘அச்சமற்ற ஒருங்கியக்கம்’ என்ற முழக்கம் 2015 ஏப்ரலில் எழுந்தது. இன்று அம்மொழியின் அதிகாரப்பூர்வப் பாடநூலில் ஒரு முழு அதிகாரத்திற்கே அது தலைப்பாக நிற்கிறது.

முழக்கங்கள் சுருக்கமானவை, அதனால் மாணவர்கள் அவற்றை முழு உண்மையாக எடுத்துக்கொள்வதும் உண்டு. ரஸ்ட் எந்த அச்சத்தை நீக்குகிறது, எதை நீக்கவில்லை என்பதை அறியாமல் அம்மொழியைப் புகழ்வதிலும் இகழ்வதிலும் பயனில்லை.

தரவுப் போட்டி என்றால் என்ன?

ஒரு நிரலுக்குள் தனித்தனியாக ஓடும் வேலைத்தொடர்களை இழைகள் என்பர். ஆங்கிலச் சொல்லான திரெட் என்பதன் நேர்ப்பொருள் இதுவே. இழைகள் எல்லாம் ஒரே நினைவகத்தைப் பகிர்ந்துகொள்வதால்தான் சிக்கல் தொடங்குகிறது.

ஓர் அலுவலகத்தில் ஒரே கணக்கேடு, இரண்டு எழுத்தர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஏட்டில் இருப்பு 500 ரூபாய். முதலாமவர் 100 ரூபாயும் மற்றவர் 200 ரூபாயும் வரவு வைக்க வேண்டும். இருவரும் ஒரே நேரத்தில் ஏட்டை எட்டிப் பார்த்து 500 என்று படித்துக்கொள்கிறார்கள். ஒருவர் 600 என்று எழுதுகிறார். அதன்மேல் மற்றவர் 700 என்று எழுதிவிடுகிறார். சரியான இருப்பு 800. நூறு ரூபாய் எங்கே போனது என்று எந்தத் தணிக்கையாளராலும் கண்டுபிடிக்க முடியாது. மறுநாள் இதே வேலையைச் செய்து பார்த்தால் கணக்கு சரியாகவே வரவும் கூடும். இரண்டு இழைகள் எந்த ஒழுங்குமின்றி ஒரே நினைவக இடத்தை அணுகி, அவற்றுள் ஒன்றேனும் அங்கே எழுதுமானால் அது தரவுப் போட்டி. நிரலாளர்கள் டேட்டா ரேஸ் என்பார்கள். சி++ மொழியின் விதிப்படி தரவுப் போட்டி உள்ள நிரல் என்ன செய்யும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது.

இதை மற்ற மொழிகள் வெவ்வேறு வகையில் எதிர்கொண்டன. எரிக்சன் நிறுவனத்தில் பிறந்த எர்லாங் மொழியில் ஏட்டைப் பகிர்வதே கிடையாது; ஒவ்வொருவரும் தம் ஏட்டை வைத்துக்கொண்டு கடிதம் எழுதிப் பேசிக்கொள்ள வேண்டும். கோ மொழி கடிதப் போக்குவரத்தை ஊக்குவித்தாலும் பகிர்வைத் தடுப்பதில்லை; நிரல் ஓடும்போது தவறைக் காட்டிக்கொடுக்கும் ஒரு கருவியைத் தருகிறது. ஓடாத பாதையில் உள்ள தவறு அக்கருவியின் கண்ணில் படாது. ரஸ்ட்டின் தொடக்ககால வடிவமும் எர்லாங்கைப் போன்றே தனித்தனி நினைவகம் கொண்ட பணிகளை நம்பியிருந்தது. குப்பை சேகரிப்பான், மொழிக்குள்ளேயே அமைந்த மெல்லிழைகள் போன்றவையும் அப்போது இருந்தன. 1.0 வருவதற்குள் அவையெல்லாம் உதிர்ந்துவிட்டன. மிஞ்சி நின்றது உடைமை, இரவல் என்னும் இரண்டு கருத்துகள்.

இரவல் கொடுக்கும் முறை

ரஸ்ட்டில் ஒவ்வொரு மதிப்புக்கும் ஓர் உடைமையாளர் உண்டு. உடைமையாளரின் எல்லை முடிந்ததும் அந்த மதிப்பு நினைவகத்திலிருந்து விடுவிக்கப்படும். மற்றவர்கள் அதை இரவல் வாங்கலாம். படிக்க மட்டும் என்றால் எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் இரவல் கொடுக்கலாம். திருத்த வேண்டுமென்றால் ஒருவருக்கு மட்டுமே; அந்த நேரத்தில் வேறெவரும் அதைப் படிக்கக்கூட முடியாது. இந்த விதியைக் கம்பைலர் எனப்படும் தொகுப்பி, நிரல் ஓடுவதற்கு முன்பே சரிபார்க்கிறது. விதி மீறப்பட்டால் நிரல் உருவாகவே உருவாகாது.

தரவுப் போட்டிக்கான வரையறையை மீண்டும் ஒருமுறை படித்தால் இவ்விதியின் அழகு விளங்கும். பகிர்தல், எழுதுதல் ஆகிய இரண்டும் ஒருசேர நடந்தால்தான் போட்டி பிறக்கும். இரண்டில் எதையும் தனியே அனுமதித்து, இரண்டும் கூடுவதை மட்டும் ரஸ்ட் தடுக்கிறது. நினைவகப் பிழைகளைத் தடுக்க வகுத்த விதி, ஒருங்கியக்கப் பிழைகளுக்கும் மருந்தாக அமைந்தது.

இதனுடன் சென்ட், சிங்க் என்னும் இரண்டு அடையாளங்கள் சேர்கின்றன. ஒரு மதிப்பை இன்னோர் இழையின் உடைமையாக்கலாம் என்பதற்குச் சென்ட் அடையாளம். அதைப் பல இழைகள் ஒரே நேரத்தில் பார்க்கலாம் என்பதற்குச் சிங்க் அடையாளம். எடுத்துக்காட்டாக, எத்தனை பேர் ஒரு மதிப்பைப் பயன்படுத்துகிறார்கள் என்று எண்ணிக்கொண்டிருக்கும் ஆர்சி என்னும் வகைக்கு இவ்விரண்டுமே கிடையாது. அதன் எண்ணிக்கை ஒற்றை இழைக்கென எழுதப்பட்டது. தவறுதலாக அதை இன்னோர் இழைக்கு அனுப்பினால் தொகுப்பி மறுத்துவிடும்; ஆர்க் என்ற வகையைப் பயன்படுத்த வேண்டும். மியூடெக்ஸ் எனப்படும் பூட்டும் இங்கே வேறு விதமாக அமைந்திருக்கிறது. பிற மொழிகளில் பூட்டு ஓரிடத்தில் தொங்கும், அது காக்க வேண்டிய தரவு வேறிடத்தில் கிடக்கும். பூட்டாமல் தரவைத் தொட எந்தத் தடையும் இருக்காது. ரஸ்ட்டில் தரவு பூட்டின் உள்ளேயே இருக்கிறது. திறக்காமல் அதைத் தொட வழியில்லை. இம்மொழியின் பல சிறப்புகளுள் இது ஒன்றே போதும், வடிவமைத்தவர்களைப் பாராட்ட.

பயனும் காகிதத்தோடு நிற்கவில்லை. வலைப்பக்கத்தின் நிறம், எழுத்தளவு, இடைவெளி முதலியவற்றைக் கணக்கிடும் பகுதியைப் பல இழைகளில் பிரித்து ஓடவிட மொசில்லா சி++ மொழியில் இருமுறை முயன்று தோற்றிருந்தது. ரஸ்ட்டில் எழுதிய மூன்றாம் முயற்சி வெற்றி பெற்று, 2017 நவம்பரில் பயர்பாக்ஸ் 57-ஆம் பதிப்பில் இடம்பெற்றது. ஆண்ட்ராய்டில் கண்டறியப்பட்ட பாதுகாப்புக் குறைபாடுகளுள் நினைவகம் சார்ந்தவற்றின் பங்கு 2019-இல் 76 விழுக்காடாக இருந்து 2024-இல் 24 விழுக்காடாகக் குறைந்ததாகக் கூகுள் அறிவித்தது. புதிய நிரல்களை ரஸ்ட் உள்ளிட்ட நினைவகப் பாதுகாப்புள்ள மொழிகளில் எழுதியதே அதற்குக் காரணம். இந்த அளவுக்குப் பயன் தந்த மொழிகள் அதிகமில்லை.

ஒரு பழைய இயந்திரத்தைக் கொண்டு சோதித்தல்

ஹோர் இம்மொழியைத் தொடங்கியதற்கு ஒரு கதை சொல்லப்படுவதுண்டு. வான்கூவர் நகரில் அவர் வசித்த அடுக்குமாடிக் குடியிருப்பின் மின்தூக்கி மென்பொருள் கோளாறால் நின்றுபோக, அவர் 21-ஆம் மாடிக்குப் படியேறிப் போனார் என்பது அது. மின்தூக்கி நின்றால் கால் வலிக்கும், அவ்வளவுதான். ஒருங்கியக்கப் பிழையால் உயிர் போன நிகழ்வும் இருக்கிறது. தெராக்-25 என்னும் கதிர்வீச்சுச் சிகிச்சை இயந்திரத்தின் வழக்கு அது. ‘பாதுகாப்பு’ என்று ஒரு மொழி சொல்லும்போது அச்சொல்லின் எடையை அங்கே வைத்துப் பார்ப்பது பொருத்தம்.

தெராக்-25 கனடாவில் உருவாக்கப்பட்டது. 1985-க்கும் 1987-க்கும் இடையில் அமெரிக்காவிலும் கனடாவிலுமாக ஆறு நோயாளிகளுக்கு அது அளவுக்கு மீறிய கதிர்வீச்சைச் செலுத்தியது, சிலர் உயிரிழந்தனர். அதற்கு முந்தைய இயந்திரங்களில் தவறு நேர்ந்தால் தடுக்க வன்பொருள் தடுப்புகள் இருந்தன. இதில் அவற்றை நீக்கி மென்பொருளை நம்பினர். அந்த மென்பொருள் பி.டி.பி-11 கணினிக்கான அசெம்பிளி மொழியில் எழுதப்பட்டது. பல பணிகள் ஒரே நேரத்தில் ஓடின. அவை தமக்குள் பேசிக்கொண்டது பகிரப்பட்ட மாறிகள் வழியாக.

1986-இல் டெக்சாஸ் மாநிலத்தின் டைலர் நகரில் நேர்ந்த இரண்டு விபத்துகளுக்குக் காரணமான பிழை இவ்வாறு அமைந்தது. இயக்குநர் சிகிச்சை வகையைத் தட்டச்சு செய்கிறார். இயந்திரத்தின் காந்தங்கள் தத்தம் நிலைக்கு வர ஏறத்தாழ எட்டு வினாடிகள் ஆகும். அதற்குள் அவர் தவறான எழுத்தைக் கண்டு, மேலே சென்று திருத்திவிட்டுக் கீழே வந்துவிட்டால், திரையில் புதிய வகை தெரியும். இயந்திரமோ பழைய வகைக்கான சில அமைப்புகளோடு இருக்கும். திருத்தம் நடந்ததா என்று பார்க்கும் சோதனை ஒரு கொடியைச் சார்ந்திருந்தது. அந்தக் கொடி முதல் காந்தம் முடிந்தவுடனே இறக்கப்பட்டுவிட்டதால் மீதிக் காந்தங்களின் நேரத்தில் செய்த திருத்தத்தை யாரும் கவனிக்கவில்லை. தட்டச்சில் கைதேர்ந்த இயக்குநரிடம்தான் இந்தப் பிழை வெளிப்பட்டது. மெதுவாகத் தட்டியவர்களிடம் இயந்திரம் ஒழுங்காகவே நடந்துகொண்டது.

இதை ரஸ்ட்டில் எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? முதலாவதாக, பகிரப்பட்ட மாறிகளை எவரும் எப்போதும் தொடலாம் என்ற அந்த அமைப்பைத் தொகுப்பி ஏற்றிருக்காது. நிரலாளர் ஒவ்வொரு மாறிக்கும் பூட்டோ, அணுநிலை மாறியோ ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். அந்தக் கட்டாயமே அவரை ஒரு கணம் நிறுத்தி, ‘இதை யார் யார் எழுதுகிறார்கள்?’ என்று எண்ண வைத்திருக்கலாம். இது சிறிய நன்மை அன்று.

ஆனால் அவர் எண்ணாமல், ஒவ்வொரு கொடியையும் தனித்தனி அணுநிலை மாறியாக்கிவிட்டால்? தொகுப்பிக்கு முழுத் திருப்தி. தரவுப் போட்டி ஒன்றுகூட இல்லை. கொடியை முன்கூட்டியே இறக்கும் அந்த வரி மட்டும் அப்படியே இருக்கும். திருத்தமும் அப்படியே கவனிக்கப்படாமல் போகும்.

கணக்கேட்டு உவமைக்குத் திரும்பினால் இது தெளிவாகும். ஏட்டை ஒரு நேரத்தில் ஒருவரே வைத்திருக்கலாம் என்று அலுவலகம் விதி செய்துவிட்டது. முதல் எழுத்தர் ஏட்டை வாங்கி 500 என்று துண்டுச்சீட்டில் குறித்துக்கொண்டு ஏட்டைத் திருப்பித் தருகிறார். இரண்டாமவரும் அப்படியே செய்கிறார். இருவரும் தத்தம் மேசையில் கூட்டிவிட்டு, வரிசையாக வந்து, முறைப்படி ஏட்டை வாங்கி, 600 என்றும் 700 என்றும் எழுதுகிறார்கள். ஒரு விதியும் மீறப்படவில்லை. நூறு ரூபாய் மீண்டும் காணாமல் போய்விட்டது. நிகழ்வுகளின் வரிசை மாறுவதால் விளையும் இவ்வகைப் பிழைக்கு ரேஸ் கண்டிஷன் என்று பெயர். தரவுப் போட்டி இதன் ஒரு வகை மட்டுமே. ரஸ்ட் அந்த ஒரு வகையை ஒழிக்கிறது, மற்றவற்றைத் தொடுவதில்லை.

தெராக்-25-இல் இரண்டாவது பிழையும் உண்டு. 1987 ஜனவரியில் வாஷிங்டன் மாநிலத்தின் யாக்கிமா நகரில் நேர்ந்த விபத்துக்கு அது காரணம். கதிரைச் சரியான அகலத்துக்குக் கட்டுப்படுத்தும் பகுதி தன் இடத்தில் இருக்கிறதா என்று சோதிக்க வேண்டுமா, வேண்டாமா என்பதை ஒரு மாறி சொல்லும். பூச்சியம் என்றால் சோதனை வேண்டாம். வேறெந்த எண் என்றாலும் சோதிக்க வேண்டும். ‘சோதிக்க’ என்று சொல்ல அந்த மாறிக்கு நிலையான ஓர் எண்ணைக் கொடுக்காமல், ஒவ்வொரு முறையும் ஒன்றைக் கூட்டிக்கொண்டே போனார்கள். மாறி எட்டு பிட் அளவுடையது. 255-க்குப் பிறகு ஒன்று கூட்டினால் பூச்சியம். ஆகவே ஒவ்வொரு 256-ஆவது சுற்றிலும் சோதனை தவிர்க்கப்பட்டது. சரியாக அந்தக் கணத்தில் இயக்குநர் பொத்தானை அழுத்திவிட்டார்.

ரஸ்ட்டில் இத்தகைய எண்வழிவு என்ன ஆகும் என்பதற்கு இரண்டு விடைகள் இருக்கின்றன. சோதனைக்காக உருவாக்கும் வடிவத்தில் நிரல் உடனே நின்றுவிடும். பயனர்களுக்கு வெளியிட உருவாக்கும் வடிவத்தில், வேறு ஏற்பாடு செய்யாவிட்டால், எண் அமைதியாகப் பூச்சியத்துக்குத் திரும்பும். வேகத்துக்காகச் செய்த தேர்வு இது. இம்மொழியின் அகராதியில் இந்த நடத்தையும் ‘பாதுகாப்பானது’ தான். ஏனெனில் நினைவகம் சிதையவில்லை. வடிவமைப்பாளர்களின் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. ஒவ்வொரு கூட்டலையும் சோதித்தால் செலவு கூடும். சி, சி++ நிரலாளர்களை அழைத்துவருவது கடினமாகும். ஆனாலும், நிரலாளர் தம் மேசையில் சோதிக்கும்போது கிடைக்கும் காவல், நோயாளி படுத்திருக்கும் அறையில் ஓடும்போது இல்லாமல் போவது சரியான தேர்வு எனக் கொள்ள முடியவில்லை. சோதனை இயல்பாக இருந்து, வேகம் வேண்டுவோர் அதை நீக்கிக்கொள்ளும்படி வைத்திருக்கலாம்.

சிறு எழுத்தில் உள்ளவை

மேற்கண்ட எல்லைகளை ரஸ்ட் குழுவினர் மறைத்துவைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ‘ரஸ்டோனமிக்கன்’ என்னும் அவர்களுடைய மேல்நிலைக் கையேடு, பொதுவான ரேஸ் கண்டிஷன்களை இம்மொழி தடுக்காது என்றும், பூட்டுகளில் சிக்கி நிரல் உறைந்துபோவது பாதுகாப்பு மீறல் ஆகாது என்றும் நேர்மையாகவே கூறுகிறது. தொடக்கப் பாடநூலும் பூட்டுகள் பற்றிய பகுதியில் இந்த உறைநிலையைக் குறிப்பிடுகிறது. குறை என்னவென்றால், ‘அச்சமற்ற’ என்ற சொல் அதிகாரத்தின் நெற்றியில் இருக்கிறது. எச்சரிக்கை உள்ளே ஒரு பத்தியில் இருக்கிறது. முழு வரையறையோ, புதிதாகக் கற்பவர் நெடுநாள் திறக்காத கையேட்டில் இருக்கிறது. இழைப் பாதுகாப்புக்கு உத்தரவாதம் என்று ஒருகாலத்தில் முகப்புப் பக்கத்தில் எழுதியிருந்த வலைத்தளம், 2018-இன் இறுதியில் புதுப்பிக்கப்பட்டபோது, நம்பகமான, திறன்மிக்க மென்பொருளை எல்லோரும் உருவாக்கலாம் என்று பேச்சை மாற்றிக்கொண்டது. முந்தைய வாசகம் குறுகியதானாலும் துல்லியமானது. புதியது பரந்தது; சோதித்துப் பார்க்க முடியாதது.

பூட்டு உறைநிலையைப் பொறுத்தவரை ரஸ்ட்டுக்கே உரிய ஒரு பொறியும் உண்டு. இங்கே பூட்டைத் திறந்தால் கிடைப்பது ஒரு காவல் மதிப்பு. அதன் ஆயுள் முடியும்போது பூட்டு தானாக விடுபடும். விடுவிக்க மறந்துவிடும் பிழை இதனால் ஒழிந்தது. ஆனால் விடுபடும் இடம் நிரலில் எழுத்தாகத் தெரிவதில்லை. ஒரு வரிசையைப் பூட்டி, அதிலிருந்து ஒன்றை எடுத்து, ‘இஃப் லெட்’ அல்லது ‘மேட்ச்’ கூற்றில் அதைச் சோதித்தால், பார்ப்பவர் கண்ணுக்கு அந்த ஒரு வரியோடு பூட்டின் வேலை முடிந்துவிட்டது போலிருக்கும். உண்மையில் உள்தொகுதி முடியும்வரை பூட்டு கையிலேயே இருக்கும். உள்ளே அதே பூட்டை மீண்டும் கேட்டால் நிரல் தன்னைத்தானே எதிர்பார்த்துக்கொண்டு உறையும். ரஸ்ட்டில் எழுதப்பட்ட உண்மையான மென்பொருள்களில் நேர்ந்த 100 ஒருங்கியக்கப் பிழைகளை ஆராய்ந்து 2020-இல் வெளியான ஓர் ஆய்வில் 59 பிழைகள் நிரல் முடங்கிக் காத்திருக்கும் வகையைச் சேர்ந்தவை. பூட்டு எப்போது விடுபடும் என்பதைத் தவறாகப் புரிந்துகொண்டது அவற்றுக்கு ஒரு முதன்மைக் காரணம். 2025 பிப்ரவரியில் வந்த ‘2024 பதிப்பு’ இதில் ஒரு பாதியைத் திருத்தியது. ‘இஃப் லெட்’ கூற்றின் ‘எல்ஸ்’ பகுதிக்குள் நுழையும் முன் பூட்டு விடுபட்டுவிடும். முதன்மைத் தொகுதிக்குள்ளும் ‘மேட்ச்’ கூற்றிலும் பழைய நிலையே.

நிரல் நின்றுபோவதும் இந்த அகராதியில் பாதுகாப்பான முடிவுதான். 2025 நவம்பர் 18 அன்று கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் சேவை முடங்கி உலகெங்கும் பல வலைத்தளங்கள் திறக்காமல் போனதில், எதிர்பாராத அளவில் வந்த ஒரு கோப்பைக் கண்டு ரஸ்ட் நிரலொன்று நின்றுபோனது முக்கியக் கண்ணி என்பதை அந்நிறுவனமே விளக்கியது. பிழை வரலாம் என்று வகை சொல்லியும், வராது என்று நிரலாளர் கருதிய இடம் அது.

காவலரைக் காப்பவர்

தொகுப்பியால் சரிபார்க்க முடியாத வேலைகளுக்கு அன்சேஃப் என்ற சொல்லிட்டு ஒரு தொகுதி எழுதலாம். அதற்குள் நிரலாளரின் வாக்கே சாட்சி. அன்சேஃப் இல்லாமல் ரஸ்ட் இல்லை. பூட்டும் ஆர்க் வகையும்கூட உள்ளே அதைக் கொண்டே கட்டப்பட்டவை. ஆகவே இம்மொழியின் உத்தரவாதம் முழுவதும் ஒரு நிபந்தனையோடு வருகிறது: அன்சேஃப் தொகுதிகளை எழுதியவர்கள் தவறு செய்யாதிருக்க வேண்டும்.

அந்தத் தவறு நேர்ந்த வரலாறும் உண்டு. 1.0 வெளியாவதற்குச் சில வாரங்களுக்கு முன், 2015 ஏப்ரலில், இழைகளுக்குத் தாய்ச் செயற்கூறின் தரவை இரவல் கொடுக்கும் ஒரு வசதி நிலையான நூலகத்தில் சேர்வதற்காகக் காத்திருந்தது. சேய் இழை முடியும்வரை தாய் காத்திருக்கும் பொறுப்பு ஒரு காவல் மதிப்பிடம் இருந்தது. அது அழியும்போது காத்திருப்பு நிகழும். அது அழியாமலே போனால்? ஒன்றையொன்று சுட்டும் இரண்டு ஆர்சி மதிப்புகளுக்குள் அதைப் போட்டுவிட்டால் அது ஒருபோதும் அழியாது. தாய் முடிந்து அதன் தரவும் போய்விடும். சேய் மட்டும் இல்லாத தரவைத் தொட்டுக்கொண்டிருக்கும். அன்சேஃப் என்ற சொல்லே இல்லாமல் நினைவகத்தைச் சிதைக்கும் வழி திறந்துவிட்டது. குழுவினர் அந்த வசதியை விலக்கினர். ஒரு மதிப்பை அழியாமல் விட்டுவிடுவது பாதுகாப்பான செயல்தான், எந்த நூலகமும் அழிவு நிகழும் என்று நம்பி அமையக்கூடாது என்றும் முடிவு செய்தனர். மாற்று வசதி நிலையான நூலகத்துக்கு வந்தது 2022 ஆகஸ்டில், 1.63 பதிப்பில். ஏழு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. இடையில் வெளி நூலகங்கள்தாம் அந்த இடத்தை நிரப்பின.

வெளியீட்டு நாள் நெருங்கியிருந்தபோதும் ஒரு முதன்மையான வசதியை விட்டுக்கொடுக்கத் துணிந்தது பாராட்டத்தக்கது. பிழையை மூடி மறைத்து, பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று வெளியிட்டிருந்தால் இன்று இம்மொழிக்கு இருக்கும் மதிப்பு இருந்திருக்காது.

2017-இல் இன்னொன்று. ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் மென்பொருள் அமைப்புகள் நிறுவனத்தின் ‘ரஸ்ட்பெல்ட்’ ஆய்வுத்திட்டத்தினர் இம்மொழியின் உத்தரவாதத்தைக் கணித முறையில் நிறுவ முயன்றுகொண்டிருந்தபோது, பூட்டின் காவல் மதிப்புக்குச் சிங்க் அடையாளம் தவறான நிபந்தனையில் தானாக ஒட்டிக்கொண்டிருந்ததைக் கண்டனர். அதன் வழியே தரவுப் போட்டியை உண்டாக்க முடிந்தது. தரவுப் போட்டியைத் தடுக்கவே பிறந்த பூட்டில் அந்த ஓட்டை இருந்தது. எவருக்கும் அது தீங்கு செய்யுமுன் கண்டறிந்து அடைக்கப்பட்டது.

அண்மைக் காலத்தில், 2025 டிசம்பரில், லினக்ஸ் கருநிரலின் ரஸ்ட் பகுதிக்கு முதன்முறையாகப் பாதுகாப்புக் குறைபாட்டு எண் ஒன்று வழங்கப்பட்டது. ஆண்ட்ராய்டில் பயன்படும் பைண்டர் என்னும் இயக்கியில், ஓர் இணைப்புப் பட்டியலைக் கையாளும் அன்சேஃப் தொகுதியில், இரண்டு இழைகள் ஒரே நேரத்தில் நுழையக்கூடிய ஒரு வாய்ப்பை எழுதியவர் காணத் தவறிவிட்டார். விமர்சகர்கள் சிலர் இதைக் கொண்டாடினர். அது அறியாமை. தேட வேண்டிய இடம் அன்சேஃப் என்று பெயரிட்ட சில வரிகளாகச் சுருங்கியிருந்தது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். சி மொழியில் எழுதியிருந்தால் ஒவ்வொரு வரியும் அப்படிப்பட்ட வரிதான்.

கற்பவர் மீது விழும் சுமை

ரஸ்ட் கடினமானது என்பது பரவலான புகார். அதில் பாதி மிகை. தொகுப்பியின் பிழைச் செய்திகள், விடைத்தாளில் தவறை அடிக்கோடிட்டு ஓரத்தில் காரணமும் எழுதும் நல்லாசிரியரைப் போன்றவை. மதிப்பு எந்த வரியில் கைமாறியது, எந்த வரியில் மீண்டும் பயன்பட்டது, எப்படித் திருத்தலாம் என மூன்றையும் சொல்கின்றன. 2018-இன் இறுதியில் இரவல் விதிகளின் சரிபார்ப்பு நுட்பமானபின் காரணமற்ற மறுப்புகளும் குறைந்தன.

மறுபாதி உண்மையானது. தரவுக் கட்டமைப்புகள் பாடத்தில் முதல் பருவத்திலேயே வரும் இருவழி இணைப்புப் பட்டியலை ரஸ்ட்டில் எழுத முயலும் மாணவர், ஒவ்வொரு கணுவுக்கும் இரண்டு அண்டைகள் இருப்பதால் யார் உடைமையாளர் என்ற கேள்வியில் முட்டிக்கொள்வார். தீர்வுகள் உண்டு, எல்லாமே முதல் பருவத்து மாணவருக்கு மிஞ்சியவை. 2019 நவம்பரில் வந்த அசிங்க் வசதியில் சுமை இன்னும் கூடுகிறது. பாதியில் கைவிடப்படும் பணி, காத்திருக்கும் எந்த இடத்திலும் அறுந்துபோகலாம் என்பதை நிரலாளரே நினைவில் வைத்திருக்க வேண்டும். இங்கே தொகுப்பி உதவாது.

ஆகவே இதை முதல் மொழியாகக் கற்பிப்பதைவிட, சி மொழியில் ஒருமுறையேனும் பாயின்டரால் சூடுபட்ட பிறகு கற்பிப்பது நல்லது. நோய் தெரியாதவருக்கு மருந்து கசப்பாக மட்டுமே இருக்கும். கற்பிக்கும்போது தரவுப் போட்டியையும் ரேஸ் கண்டிஷனையும் முதல் வகுப்பிலேயே பிரித்துக்காட்டிவிட வேண்டும். முழக்கத்தைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

யாக்கிமா பிழையைச் செய்து பார்க்கப் பத்து வரிகள் போதும். எட்டு பிட் மாறி ஒன்றை எடுத்து, ஒரு சுழலுக்குள் ஒவ்வொன்றாக முந்நூறு முறை கூட்டி, ஒவ்வொரு முறையும் அதை அச்சிடும் நிரலை எழுதலாம். ‘கார்கோ ரன்’ என்று இயக்கினால் 255-ஐ அச்சிட்டபின் நிரல் பிழை காட்டி நிற்கும். அதே நிரலை வெளியீட்டு வடிவத்தில் இயக்கினால் 255-ஐ அடுத்து 0 வரும். எந்த எச்சரிக்கையும் இல்லாமல் மீண்டும் 1, 2 என்று எண்ணிக்கொண்டே போகும். திட்டத்தின் அமைப்புக் கோப்பில் எண்வழிவுச் சோதனையை வெளியீட்டு வடிவத்துக்கும் இயக்கும் ஒரு வரியைச் சேர்த்து மூன்றாம் முறை இயக்கினால், மறுபடியும் 255-இல் நிற்கும்.